கூழ் ஊற்றிய ஞாயிறு

திருவண்ணாமலை,
12-8-1982

அன்புள்ள ரேணுகாம்பாளுக்கு,

கோதண்டராமன் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். அங்கே நீ, வேணு, மருமகள், பேரன் எல்லோரும் சௌக்கியமாக இருக்க அண்ணாமலையார் துணை செய்யட்டும். பேரன் வீடெல்லாம் ஓடுகிறானாம், வேணு எழுதியிருந்தான். பிலாயில் மழை பிடித்துக்கொண்டு அடிக்கிறது என்றும் எழுதியிருந்தான். இங்கே ஒரு சொட்டு இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை எல்லாம் கடலை பிடிக்காமல் செடியோடு காய்கிறதாம்.

மாவு மில் ஓடுகிறது. சமையல்தான் இன்னும் கைக்கு வரவில்லை. நான் வடிக்கும் சோற்றைக் காக்கைகூட யோசித்துத்தான் தின்கிறது.

உனக்கு ஒரு கெட்ட செய்தி எழுத வேண்டியிருக்கிறது. மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நம் சகாதேவன் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம், அவ்வளவுதான். முந்தின நாள் சாயந்திரம்கூட வேப்பமரத்தில் ஏறி சீரியல் விளக்கு கட்டினான். லைன்மேன் வேலை பார்த்தவனுக்கு மரம் ஏற நான் புத்தி சொன்னேன், கேலி செய்தான். வயது ஐம்பத்துநாலு, எனக்கு நான்கு மாதம் இளையவன்.

அந்த ஞாயிறுதான் நம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். தெருவில் பிணம் கிடந்தால் பிணம் எடுக்கும்வரை கூழ் ஊற்ற முடியாது என்பது உனக்குத் தெரியும். அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சியாகிவிட்டது. சுற்றுப்பட்டு ஜனம் சொம்பும் தூக்குமாக வர ஆரம்பித்துவிட்டது. விழாத் தலைவன் நான், கையில் காப்பு. அவன் மகள் வள்ளிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அவள் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து இங்கே வந்து சேர எப்படியும் பகல் மூன்று மணி ஆகிவிடும்.

அவன் சம்சாரம் பச்சையம்மாள், “பொண்ணு வந்துடட்டும்ணா, அப்பன் மொகத்த ஒரு வாட்டி பாத்துக்கட்டும்” என்று ஆள் சொல்லி அனுப்பியது. பூசாரி சின்னசாமியும், “ஆத்தாவுக்குத் தெரியாததாங்க? வரட்டும். கூழ் ஆறினா நல்லாத்தான் இருக்கும்” என்றார். நான்தான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மணிக்குக் கூழ் ஊற்றுகிறோம், ஒரு வருஷமும் தப்பியதில்லை என்று பிடிவாதம் பிடித்தேன். பதினொரு மணிக்கெல்லாம் எடுக்க வைத்தேன். காப்புக் கட்டியவன் சாவு வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று நானும் போகவில்லை. நாற்பது வருஷ சிநேகிதனைத் தூக்கிப் போகும் மேளச் சத்தத்தைக் கோயில் வாசலில் நின்று கேட்டேன். பிறகு தெருவைக் கழுவிவிட்டுச் சரியாக ஒரு மணிக்குக் கூழ் ஊற்றினோம். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது, ரேணு. உன்னிடம் மறைப்பானேன்.

மூன்று மணி சுமாருக்கு வள்ளி வந்தது. தெருமுனையில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போதே அழுதுகொண்டுதான் இறங்கியதாம். கூட்டம் வரிசையில் நிற்பதையும் நான் கூழ் மொண்டு ஊற்றுவதையும் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. “கூழ் ஊத்தறீங்களே மாமா! அப்ப அப்பாவுக்கு ஒண்ணும் இல்லதானே? போன்ல யாரோ தப்பா சொல்லிட்டாங்க, நான் பயந்தே பூட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பிணம் கிடந்தால் கூழ் ஊற்றமாட்டார்கள் என்று இந்தத் தெருவில் பிறந்த பெண்ணுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்து அதுவே புரிந்துகொண்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அப்படியே தரையில் உட்கார்ந்து, “மொகம் எப்படி இருந்திச்சி மாமா?” என்று மட்டும் கேட்டது. நான்தான் பார்க்கவே இல்லையே.

அப்போதுதான் எனக்கு உன் அண்ணன் பலராமன் நினைப்பு வந்தது. இரண்டு வருஷம் முன்பு இதே ஆடியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆள் வந்து அவர் சாவைச் சொன்னபோதும் என் கையில் காப்பு இருந்தது. காப்புக் கட்டிய வீடு, கூழ் ஊற்றிவிட்டு நாளைக்குப் போகலாம் என்றேன். அரைமணி பஸ் தூரம். நீ எதிர்த்துப் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அன்று மாலை வரைக்கும் கூழ் மொண்டு ஊற்றினாய். மறுநாள் நாம் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த மாதம் மருமகள் பிரசவத்துக்கு, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று ரயில் ஏறினாய். உனக்குப் பேரன்மேல் ஆசை, அதனால்தான் திரும்பவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஊராரிடமும் அதையே சொன்னேன்.

திங்கட்கிழமை கோயில் சாவியைச் சின்னசாமியிடம் கொடுத்துவிட்டேன். நான் இல்லாவிட்டால் அம்மனே தெருவைத் தாண்டமாட்டாள் என்று நினைத்திருந்தேன். இரண்டே நாளில் வேறு ஆளைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே செய்வான். இப்போது சாயந்திரமானால் மில்லைப் பூட்டிவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை. சகாதேவன் இருந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீ குடிப்போம். வீட்டில் வந்து விளக்கைப் போட்டால் விளக்கைப் போட்ட நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. நான் வருகிறேன். ஆவணி பிறந்ததும் மெட்ராஸ் போய் ரயில் ஏறுகிறேன். திருவிழா, தீபம் என்று இந்தத் தடவை எதையும் காரணம் சொல்லமாட்டேன். நீ பதில் போடாவிட்டாலும் வருவேன். வந்தவனை உட்காரச் சொல்லவேண்டியதில்லை, சோறு போடவேண்டியதில்லை. திட்டுவதானால் திட்டு. போ என்றால் அதே ரயிலில் திரும்பிவிடுகிறேன். வாசலுக்கு வந்து முகத்தை மட்டும் ஒரு தரம் காட்டு, ரேணு.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோதண்டராமன்