பெடலை மிதித்தது யார்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அத்தையும் முட்டிவலியைத் தவிர நலம். ஃபோனில் பேசினால் சண்டையில் போய் முடிகிறது, இனிக் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் சண்டை போட முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இந்தக் கோடைக்கும் லீவு இல்லை என்று நீங்கள் சொன்ன அன்று எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. சமையலறையில் நின்றேன், ஹாலில் நின்றேன், துணி காய்ந்துவிட்டதா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அன்றைக்குத் துணி துவைக்கவே இல்லை. கடைசியில் ஷெட்டைத் திறந்தேன். கல்யாணமான புதிதில் நீங்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, "அடுத்த லீவுல ஓட வச்சுடறேன் பாரு" என்று சொல்லி நிறுத்திய கறுப்பு கார் மரக்கட்டைகளின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. போன தடவை எஞ்சினை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனீர்கள். சாவியைத் திருப்பினால் உறுமுகிறது. ஆனால் நிற்கவும் தெரியாது, திரும்பவும் தெரியாது.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டேன். பிரேக் டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தால் உள்ளே சிலிண்டரெல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கிறது. ரப்பர் ஹோஸை மடக்கினால் வெடித்து வாயைப் பிளக்கிறது. ஸ்டீரிங்கை இவ்வளவு தூரம் சுற்றியும் சக்கரத்துக்குச் சேதியே போகவில்லை.

லேபில் நாள் முழுக்க யார் யாருக்கோ பல்செட் செய்து ராவிக்கொண்டிருக்கிற கை இது. பல் கட்டுகிற கைக்குப் பிரேக் கட்ட வராதா? எனக்குக் காத்திருந்து சலித்துவிட்டது, அத்தான். காரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பல்லழகி

பிப்ரவரி 24

என் பல்லழகிக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் மேல் ஏறுவதற்கு முன் படித்துத் தொலைத்தேன். பிறகு ஏறவே கால் வரவில்லை. உனக்கென்ன பைத்தியமா? இந்தத் துறைமுகத்தில் இத்தனை கிரேன்களின் பிரேக்குக்கும் நான் பொறுப்பு. என் வீட்டில் என் பொண்டாட்டி, பல் ராவுகிற அரத்தை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுக்கிறாளாம். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் நிற்காது. வித்தியாசம் புரிகிறதா?

ஆகவே தொடாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தொட்டுவிட்டாய் என்றால், ஹோஸ்களை எல்லாம் புதிதாகப் போடு, பழசை ஒட்டவைக்காதே. ஸ்டீரிங் ராட் முனையைக் கழற்றும்போது எத்தனை மரை சுற்றி வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள், திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கை. ஸ்பிரிங் பட்டைகளின் முனையில் புது ரப்பர் புஷ் போட்டால் போல்ட்டை அப்போதே முடுக்காதே. வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகுதான் முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு கிழிந்துபோகும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதே. கட்டை வை. இரண்டு வை.

ஆனால் தொடாதே.

இங்கே காண்டிராக்டை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உன்னவன்

மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

தொட்டுவிட்டேன். ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மறுபடி அடுக்கியாயிற்று. போல்ட்டை நீங்கள் சொன்னபடி இறக்கிய பிறகுதான் முடுக்கினேன். மரையை எண்ணும்போது அத்தை வந்து, "குழம்புல உப்பு போட்டியா?" என்று கேட்டார். எண்ணிக்கை போயே போய்விட்டது. பிறகு இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முன்னால் ஒரு நூல், பின்னால் ஒரு நூல் பிடித்து அளந்து சரிசெய்தேன்.

முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி, அந்தக் கிங் பின் மட்டும் என் கைக்கு வரவில்லை. தெருக்கோடிப் பட்டறைக்காரரிடம் எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் புஷ்ஷை அழுத்திப் பொருத்திக் கொடுத்தார். இப்போது ஸ்டீரிங் ஒரு விரல் அசைந்தால் சக்கரமும் அசைகிறது. "இது யார் பார்த்த வேலை?" என்று பட்டறைக்காரர் கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை. பட்டறைக்காரர் நம்பாவிட்டால் எனக்கென்ன?

இனி ஒரு விஷயம். லேப் முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார். அதை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், வீடும் அவரே பார்த்துத் தருகிறார். ஜூனில் போய்ச் சேர வேண்டும். எனக்குப் போக ஆசை. இந்தக் காரிலேயே போக ஆசை. நீங்களும் அங்கேயே வந்து இறங்கிவிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும்?

"ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? வருகிறீர்களா, இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை போதும். அது தெரியாமல் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிரேக் பாகமெல்லாம் புதிதாகப் பொருத்திவிட்டேன். ஆயிலும் ஊற்றிவிட்டேன். நாளை பிரேக் குழாய்க்குள் புகுந்திருக்கிற ஏர் எடுக்கப் போகிறோம்.

உங்கள்
பல்லழகி

ஏப்ரல் 6

பல்லழகிக்கு,

ஏர் எடுப்பது தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே படுத்து, காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "எடுக்கப் போகிறோம்" என்று எழுதியிருக்கிறாய். போகிறோம் என்றால் யார் யார்? பெடலை மிதித்தது யார்?

ஒரே கடிதத்தில் நாலு தடவை பட்டறைக்காரர் வருகிறார். அவர் ஷெட்டுக்குள் எல்லாம் வருகிறாரா? தப்பாக நினைத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அறையில் நடந்து நடந்து, கீழ் அறைக்காரன் மேலே வந்து கதவைத் தட்டிவிட்டான்.

உடனே பதில் எழுது.

உன்னவன்

ஏப்ரல் 19

அத்தானுக்கு,

பெடலை மிதித்தது உங்கள் அம்மா.

நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தை பிடுங்கிப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பட்டறைக்காரருக்குப் பல்லே கிடையாது. வாய் அளவு எடுத்திருக்கிறேன், செட் தயாராகிறது. போதுமா?

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்சக்கரத்தருகே படுத்தேன்.

"அத்தை, மிதிங்க."

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

நிப்பிளைத் திறந்தேன். ஆயிலும் குமிழியுமாக வந்தது.

"என்னடி அங்க சத்தம்? எண்ணெயா, காத்தா?"

கேட்டதோடு விட்டிருக்கலாம். எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கக் காலை எடுத்தார். வெளியே போன காற்றெல்லாம் மறுபடி உள்ளே. இப்படியே ஒரு பகல் போயிற்று. கடைசியில் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து கதவோரம் சாய்த்து வைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்கு எல்லாம் தெரிந்தது. பிறகு கால் இரும்பு மாதிரி நின்றது.

அடுத்த கூத்து என்னுடையது. தெருவில் இறக்கி ஓட்டினால் பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. மெதுவாகப் போய்க் கட்டுமான வேலை நடக்கிற வீட்டு மணல் குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டுதான் நின்றது. டிரம்மைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. துருவை எடுத்ததோடு நிறுத்தாமல், லேபிலிருந்து பாலிஷ் பொடி கொண்டுவந்து, டிரம்மின் உள்பக்கத்தையும் அதை உரசிப் பிடிக்கிற பிரேக் ஷூக்களையும் முகம் தெரிகிற மாதிரித் தேய்த்து வைத்திருக்கிறேன்! பல்லில் சொரசொரப்பு இருந்தால் நாக்கைக் கிழிக்கும். அந்தப் பழக்கம். உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் மறுபடி சொரசொரப்பாக்கினேன். இப்போது மிதித்த இடத்தில் நிற்கிறது.

வருகிறீர்களா என்று நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அத்தையிடம் சொன்னேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி ஸ்டீரிங்கை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"எழுதலைன்னா காண்டிராக்ட்ல கையெழுத்துப் போட்டுட்டான்னு அர்த்தம். என் புள்ளைய எனக்குத் தெரியாதா? நீ போற ஊருக்கு நானும் வரேன். இங்க உக்காந்து செவுத்தோடயா பேசறது?"

நாங்கள் இருவரும் கிளம்புகிறோம். நீங்கள் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தால் என் மனசு ஒரு இடத்தில் உட்காரும்.

பல்லழகி

மே 4

அன்புள்ள பல்லழகிக்கு,

பட்டறைக்காரர் விஷயத்தில் நான் கேட்டது அசிங்கம். மன்னித்துவிடு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம். அம்மா சொன்னது சரிதான்.

இதை எழுத நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எஞ்சினை ஒரே லீவில் முடித்தவனுக்குப் பிரேக் ஒரு பெரிய வேலையா? அப்போதே முடித்திருக்கலாம். முடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் எனக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். ஸ்பானர் இருந்தால் உன்னோடு மணிக்கணக்கில் பேச முடிகிறது. சும்மா உன் எதிரில் உட்கார்ந்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை, விருந்தாளி மாதிரி இருக்கிறது. லீவு கேட்டால் கிடைத்திருக்கும் என்பதும் உண்மைதான். அந்தக் கார் ஓடாமல் நின்றவரை, எனக்கு வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அதையும் நீ முடித்துவிட்டாய். நன்றாகவே முடித்திருக்கிறாய், குறை சொல்ல இடமில்லை. இனி நான் வந்து செய்ய அங்கே என்ன இருக்கிறது, சொல்.

உன்னவன்

மே 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டதை மட்டும் சொன்னேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

சாமான்கள் நேற்றே லாரியில் போய்விட்டன. நாளைக் காலை நாங்கள் கிளம்புகிறோம். நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுக்கவில்லை, பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஒரு தடவை ஆடிவிட்டு அமைதியாகிவிடுகிறது, இறக்கத்தில் மிதித்தால் பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறது. அத்தை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் மிதிக்கும்போதெல்லாம் தானும் தரையை மிதிக்கிறார்.

வந்து செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுமில்லை. காரில் வேலை பாக்கி இல்லை. புது வீட்டையும் போய்ப் பார்த்தேன். குழாய் ஒழுகவில்லை, கதவு கிறீச்சிடவில்லை, ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. நீங்கள் வருவதற்காக நான் எதையும் உடைத்து வைக்க மாட்டேன்.

சும்மா வர முடிந்தால் வாருங்கள், அத்தான். வெறுங்கையோடு வந்து என் எதிரில் உட்காருங்கள். பேச ஒன்றும் தோன்றவில்லையென்றால் பேசாமல் உட்காருங்கள், எனக்கு அது போதும், இத்தனை வருஷமாக நான் கேட்டதும் அதுதான். அது உங்களால் முடியாதென்றால் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டேன். ஆனால் இனிக் காத்திருக்க மாட்டேன்.

புது விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி