ஆபீசர் கடிக்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

ஆபீசருக்கு சிறுநீரகம் போய்விட்டதாம். வயசு பதினெட்டு. பூனைக் கணக்கில் அது கிட்டத்தட்ட தொண்ணூறு என்றார் டாக்டரம்மா. தொண்ணூறு வயசுக்காரர் மாதிரியா நடந்துகொண்டார்? ஊசியோடு வந்த நர்ஸைப் பார்த்து ஒரு சீறு சீறினாரே, அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மருந்து கொஞ்ச நாளைக்கு இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அப்புறம்? "அவனுக்கு ரொம்பப் பிடிச்ச மூணு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. மூணையும் விட்டுட்டான்னா, இழுத்தடிக்காம கூட்டிட்டு வாங்க. வலியில்லாம அனுப்பிடலாம். ஆனா நீங்க சரின்னு சொல்லணும்."

யார் சொல்வது? எனக்கு வாய் வராது. இவருக்கும் வராது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், நாள் முழுக்க "பிரேக்! பிரேக்!" என்று கத்துகிறவர், வீடு வரை வாயைத் திறக்காமல் ஓட்டினார்.

மார்ச் 4, புதன்

எந்த மூன்று என்பதில் சண்டை. நான் திரைச்சீலைத் துணியை மேஜையில் விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்ததும் அதன் நடுவே வந்து உட்காருவார் — இது நான் சொன்னது. மீன் டின் திறக்கும் சத்தம் கேட்டால் ஊரைக் கூட்டுவார் — இதில் இருவருக்கும் சம்மதம். மூன்றாவது இவருடையது: விடிந்ததும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தன் கால் கட்டைவிரலை ஆபீசர் கடிப்பது.

"அது அவருக்குப் பிடிச்சதா, உங்களுக்குப் பிடிச்சதா?"

"எனக்கு உயிர் போகுது. அப்ப அவருக்குப் பிடிச்சதுதானே?"

வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

மார்ச் 7, சனி

ஆபீசரால் மேஜை மேல் ஏற முடியவில்லை. முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வேறு ஏதோ வேலையாக வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

துணியையெல்லாம் தரையில் விரித்துவிட்டேன். கீழே உட்கார்ந்து வெட்டினால் என்ன கெட்டுப்போகிறது? என் முட்டிதான். ஆபீசர் வந்து நடுவில் உட்கார்ந்தார்.

"இது செல்லாது. மேஜைன்னுதான் பேச்சு," என்றார் இவர்.

"துணின்னுதான் பேச்சு. போய் உங்க கட்டைவிரலைப் பாருங்க."

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்தாள், ஆப்பிளும் ரொட்டி பாக்கெட்டுமாக, ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி. அவள் குரல் கேட்டதும் ஆபீசர் சோபாவுக்கு அடியில் போய்விட்டார். அவள் சோபாவைப் பார்த்து அழுதாள்.

"எங்கிட்ட எவ்வளவு ஒட்டுதலா இருந்தான் அண்ணி!"

இவளைப் பிறாண்டியதற்கு நாங்கள் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் நல்ல மனசு. அவரைப் புதைக்க, இரண்டாவது மாடியில் எங்களுக்கு மண் என்று இருப்பது ஒரு ரோஜாத் தொட்டி. "எங்க தோட்டம் இருக்கும்போது நீ எதுக்குக் கவலைப்படுற, அண்ணே?" என்றாள். இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சோபா உறுமியது.

மார்ச் 11, புதன்

இவர் யோசித்த லட்சணம்: செல்லப்பிராணிகளை எரிக்கும் இடத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்த ஆளுக்குப் பஞ்சு மாதிரிக் குரல்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருந்துறோம் சார்."

"இன்னும் இழக்கல. எதிர்லதான் உக்காந்து முறைச்சுக்கிட்டிருக்காரு."

மறுமுனையில் ஒரு செருமல். "சரிங்க சார். தனியாவா, மத்தவங்களோட சேர்த்தா?"

"மத்தவங்கன்னா?"

"மத்த பூனைங்க... நாய்ங்க..."

"நாயா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஆபீசரைப் பார்த்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. நாத்தனார் தோட்டம்தான்.

மார்ச் 13, வெள்ளி

வெறும் மண்ணில் போட மனசு கேட்குமா? மிஞ்சிய கிரீம் நிற லைனிங் துணியில் ஒரு பை தைக்கலாம் என்று, ஆபீசர் தூங்கும்போது டேப் வைத்து அளந்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உங்களுக்கில்ல," என்று பொய் சொன்னேன்.

தைத்து விரித்துப் பார்த்தால், இவரே உள்ளே படுக்கலாம்! கைப்பழக்கம். திரைச்சீலைக்கு மடிப்பு விழ அகலத்தை இரண்டு மடங்கு வைப்போமே, அப்படியே வெட்டியிருக்கிறேன். மேலே கொக்கி மாட்டும் பட்டை வேறு. ஆபீசரை என்ன ஜன்னலிலா மாட்டப்போகிறோம்? வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிரித்துத் தைக்கலாம் என்றால், ஆபீசர் அதன்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்காரருக்கு இன்றைக்கு லீவு. "அப்புறம் திடீர்னு சொன்னா நான் எங்க போக?" என்று முன்கூட்டியே குழி தோண்டிவிட்டார். எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில், ஓரமெல்லாம் செதுக்கி, அழகாக. இடம் பிடித்திருக்கிறதா என்று ஆபீசரே பார்த்துவிடட்டும் என்றார் இவர். வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்? கூடையில் வைத்துக் கொண்டுபோனோம்.

ஆபீசர் குழியைச் சுற்றி வந்தார். முகர்ந்தார். மெல்ல உள்ளே இறங்கினார். நாத்தனார் விசும்ப ஆரம்பித்தாள். அவர் இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்து, உட்கார்ந்து, காலைக்கடனை முடித்தார். பின்னங்காலால் மண்ணைத் தள்ளி முறையாக மூடவும் மூடினார்.

"காலையிலேருந்து தோண்டினேன்," என்றார் நாத்தனார் வீட்டுக்காரர்.

"மாப்ள, பிடிச்சிருக்குன்னு அர்த்தம்," என்றார் இவர்.

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்ததில் புரை ஏறிவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

டின் திறந்தேன். திரும்பிப் பார்த்தார். சத்தமில்லை.

மார்ச் 18, புதன்

இனி மிச்சம் துணியும் கட்டைவிரலும்தான். கட்டைவிரல் கடி நாள் தவறாமல் நடக்கிறது. "கடிச்சுட்டாரு!" என்று தினமும் பரீட்சையில் பாஸானவர் மாதிரி கத்துகிறார் இவர்.

இன்று எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். சமையலறைக்குப் போனால், ஸ்டூல் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, கரண்டியால் விரலில் எதையோ தடவிக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"கால் வலி. தைலம்."

"தைலத்துல மீன் வாசனை அடிக்குது."

கரண்டியைக் கீழே வைத்தார். "கடிக்கலம்மா. பத்து நாளாச்சு. நக்குறாரு. அதுவும் இதைத் தடவினாத்தான்."

வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். ஆனால் நான் மட்டும் யோக்கியமா? தரையில் விரித்த துணிக்கு ஆபீசர் இப்போது தானாக வருவதில்லை. இவர் கிளம்பிப் போனதும் நான்தான் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்கிறேன். சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் டின்னுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். என்ன ஜென்மங்கள் நாங்கள்! பாவம் அவர், எங்களுக்காக எத்தனை நாள் நடிக்க வேண்டும்?

நாளைக்கு சோப்புப் போட்டுக் கழுவிய காலோடு ஒரே ஒரு முறை பார்ப்பது என்று முடிவு.

மார்ச் 19, வியாழன்

கழுவிய கால். நானே தேய்த்துவிட்டேன்.

ஆபீசரைக் கட்டிலில் விட்டோம். மெதுவாக நடந்து போனார். முகர்ந்தார். "கடிடா," என்றார் இவர். இத்தனை வருஷத்தில் அவரை 'டா' போட்டது இன்றுதான். "ஒரே ஒரு தடவை. நான் கத்தக்கூட மாட்டேன்."

கடிக்கவில்லை. விரல் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். இவர் அசையவே இல்லை. கீழே கார் கற்றுக்கொள்ள வந்த பெண் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் வழியாக எட்டி, "இன்னைக்கு கிளாஸ் இல்லம்மா," என்று நான்தான் சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் "சரி" என்றேன். என் குரல்தானா அது? கையை ஆபீசர் முதுகில் வைத்திருந்தேன். வலிக்கவில்லை அவருக்கு. அது நிச்சயம்.

குழியை நாத்தனார் வீட்டுக்காரர் மறுபடி சுத்தம் செய்து வைத்திருந்தார். இரண்டு மடங்கு துணி வீணாகவில்லை, இரண்டு சுற்று சுற்றிக் கதகதப்பாகப் போர்த்த முடிந்தது. துணி முழுக்க ஏற்கெனவே அவர் முடிதான். மூடும் முன் இவர் ஷூவைக் கழற்றினார். ஒரு சாக்ஸை உருவி உள்ளே வைத்தார்.

"துவைச்சதா?" என்றேன்.

"துவைக்காதது."

ஒற்றைக் காலில் சாக்ஸோடு வீடு வரை வண்டி ஓட்டினார்.

மார்ச் 23, திங்கள்

மேஜையில் துணி விரித்தேன். யாரும் வரவில்லை. ஒழுங்காக வெட்டினேன். பிடிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவர் இன்னும் ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். தினமும் பார்க்கிறேன். சும்மா இருக்கிறது அந்த விரல்.

இன்று காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து, நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ஐயோ ஆபீசர்!" என்று அலறி எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். மறுபடி படுத்து, போர்வையை இழுத்து, கால் மட்டும் வெளியே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்.

"அவரு இன்னும் கொஞ்சம் பலமா கடிப்பாரு," என்றார்.