சிப்பிப் பிடி

ஜூன் 4, புதன்

மேல்காற்று. வீடெல்லாம் புழுதி. பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் மடக்குக்கத்திகளுக்கு எண்ணெய். கருங்காலிப் பிடிக்குத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. பித்தளைக்குப் புளி. ஒட்டக எலும்பைத் தண்ணீரில் காட்டவே கூடாது, வெடித்துவிடும். பாதிக்கு மேல் எஸ்தர் குவைத்திலிருந்து லீவுக்கு வரும்போது கொண்டுவந்தவை. இழுப்பறையில் பச்சைத் துணி விரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஓரத்து இடம் மட்டும் காலி. அது சிப்பிப் பிடிக்கு.

அதை எஸ்தர் அங்கே வாங்கி வைத்துவிட்டாள். ஃபோட்டோ மட்டும் அனுப்பினாள்: முத்துச்சிப்பியில் பிடி, ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. எப்போது தருவாய் என்று கேட்டேன். "அது நான் நர்ஸ் வேலைய விட்டுட்டு ஒரேயடியா வரும்போதுதான்" என்றாள்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஜன்னல் வழியாக: "என்னவே, பொஞ்சாதி ஊர்ல இல்லாத நேரம் கத்தியத் தீட்டுதீரு? யார் மேல கோவம்?"

யார் மேல்? குவைத் மேல்தான்.

ஜூன் 6, வெள்ளி

வாங்க வேண்டியது: பல்பு, தொண்டைக்கு மிட்டாய். அரிசி தீர்ந்தது.

எஸ்தர் ஃபோன். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கேன்."

பிறகு, போகிற போக்கில்: "யூசுப் காக்கா பெருநாளுக்கு ஊருக்கு வந்திருக்காவ. எங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடையில இருக்காவளே, அவ்வொதான். ஒரு பொட்டலம் கொடுத்து விட்டிருக்கேன். காயல்பட்டினம் போயி வாங்கிக்கிடுங்க."

"என்னது?"

"கத்திதான். உங்களுக்கு வேற என்ன?"

எந்தக் கத்தி என்று கேட்க வாய் வரவில்லை. இத்தனை நாள் அந்தச் சிப்பிக்கு ஏங்கியவன், அது வேறு ஆள் கையில் வந்துவிடக் கூடாது என்று ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து காயல்பட்டினம் பஸ். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றில் தண்ணீர் பரவாயில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி: "லீவுல வந்ததும் தெரியல, போனதும் தெரியல. பெட்டியில உள்ள செண்டு வாசந்தான் மிச்சம்." கேட்டிருக்க வேண்டாம்.

யூசுப் வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. கறி ருசி. பொட்டலத்தை எடுத்து வந்தார். கையை நீட்டினேன். தரவில்லை.

"கையில கொடுக்கப்படாதாம், சண்டை வந்துருமாம். நர்சம்மா ரெண்டு தடவ சொல்லி விட்டாவ." டீப்பாய் மேல் வைத்தார்.

எஸ்தர் சபையில் சாட்சி சொல்கிறவள், ஆனாலும் இந்தச் சகுனத்தை மட்டும் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் காய் நறுக்கும் கத்தியைக்கூடத் தரையில் வைத்து, "எடுத்துக்கிடுங்க" என்பாள்.

எடுத்தேன். காகிதத்துக்கு மேலேயே சில்லென்றிருந்தது. சிப்பிதான் இப்படிக் குளிரும். அந்த அறையில் ஏசி ஓடியது, பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. பிரிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்றும் பிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ராத்திரி கழுவ ஒரே ஒரு தட்டு. எனக்கு அவள் வேண்டும். கத்தி எல்லாம் அப்புறம்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் தூறல். அந்தத் தைரியத்தில் பிரித்துவிட்டேன்.

ஆட்டுக்கொம்பு! கறுப்பு, நுனியில் கொஞ்சம் அழுக்கு வெள்ளை. பிடி கோணல். இவ்வளவு சுமாரான கத்தி என்னிடம் இதுவரை இல்லை. முத்தம் கொடுத்தேன்.

சாயங்காலம் ஃபோன்.

"பாத்தியளா? புடிச்சிருக்கா?"

"கொம்புதான. பரவாயில்ல."

"சிப்பி வரும்னு இருந்தியளோ?"

"அத மட்டும் யார்ட்டயும் கொடுத்து விட்டுறாத எஸ்தர். நீயே கொண்டாந்து மேசையில வை."

அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம்.

"அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். கைப்பையில வச்சா ஏர்போர்ட்டுல புடுங்கிருவாவளாம்லா. பெரிய பெட்டியில, சேலைக்கு நடுவுல வச்சிருக்கேன். சரிதான?"

இழுப்பறைப் பச்சைத் துணியில் எண்ணெய்க் கறை. துவைத்துப் போட வேண்டும்.