ரொறன்ரோ தோற்ற சனிக்கிழமை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் பகீரதனுக்கு,

முருகன் புண்ணியத்தில் எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை, அந்தப் பனிக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று நாளும் கும்பிடுகிறேன். சட்டனில் இருக்கும் உன் அக்கா வசந்தமலருக்குத் திரும்பவும் இரவு ஷிப்ட், போன மாதம் என்னைப் பார்க்க வந்தவள் கறியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையிலேயே நித்திரையாகிப் போனாள், பாவம், நான் எழுப்பவில்லை, கறியை நான்தான் இறக்கினேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் கதைப்பதென்றால் ரேடியோவோடு சண்டை பிடிப்பதுதான். உனக்கு ஃபோன் எடுத்தால் உன் மெஷின்தான் இங்கிலீஷில் பதில் சொல்கிறது.

கோபிக்காமல் வாசி, நான் இப்போது பந்தயக் காசு கட்டுகிற பெட்டிங் கடைக்குப் போகிறேன். குதிரைக்கில்லை, நாய்க்குமில்லை, உன்ர ஐஸ் ஹொக்கிக்கு. என்னைக் கெடுத்தது என்னோடு பெற்றோல் செட்டில் வேலை செய்த கணேசலிங்கம், அவர் உதைபந்தாட்டத்துக்குக் கட்டுகிறவர். ஒருநாள் குளிர் தாங்காமல் அவருக்குப் பின்னால் உள்ளே போனேன், சுவரில் ரொறன்ரோ என்று போட்டிருந்தது, மகன் இருக்கிற ஊரென்று ஒரு பவுண் கட்டினேன். அந்த விளையாட்டில் எனக்கு ஒரு கோதாரியும் விளங்காது, பந்துகூட இல்லையாம், ஏதோ தட்டையான கறுப்புச் சாமானை அடிக்கிறார்களாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உன் ரொறன்ரோ ரீம் வென்றால் அடுத்த நாள் நீ ஃபோன் எடுப்பாய், அப்பா வெண்டுட்டம் என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்துவாய், பிறகு சாப்பிட்டியளோ, மருந்து குடிச்சனீங்களோ என்றெல்லாம் கேட்பாய். தோற்றால் சத்தமே இல்லை. பிறகென்ன, அவர்கள் விளையாடுகிற சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் உன் பெயருக்கும் ரோகிணி நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்கிறேன், அந்த ரீமுக்கு என்ன நட்சத்திரமென்று ஆரைக் கேட்பது. தம்பிக்குச் சோதினையோ என்று ஐயர் கேட்டார், ஓமென்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து திருநீற்றை அழித்துவிட்டுத்தான் பெட்டிங் கடைக்குள் கால் வைப்பேன்.

இந்த மாதம் அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், உன் குரலைக் கேட்டும் கனநாளாகிவிட்டது. அண்ணை, ஒருக்கா மாத்திக் கட்டிப் பாருங்கோவன், தோக்குமெண்டு கட்டுங்கோ என்றார் கணேசலிங்கம். எனக்கு மனம் கேட்கவில்லை, உன்னையே காட்டிக் கொடுப்பது போல இருந்தது. பிறகு யோசித்தேன், வென்றால் நீ எடுப்பாய், தோற்றால் கையில் ஏதாவது வரும், இரண்டில் ஒன்றாவது எனக்கு மிஞ்சும்தானே. ஆகவே இந்தச் சனிக்கிழமை வெல்ல வேண்டுமென்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுத் தோற்குமென்று கடையில் கட்டினேன். முருகன் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

தோற்றுவிட்டார்கள். இன்று காலை கடையில் நிற்கும் வெள்ளைக்காரப் பெட்டை சிரித்துக்கொண்டு காசைத் தந்தாள், இந்த மாதம் எனக்கு முதன்முதல் விழுந்த காசு. கணேசலிங்கம் தோளில் தட்டிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பாவுக்குக் காசு விழுந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒருவருமில்லை. தோற்றால் நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்துகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் எழும்ப மனம் வரவில்லை. அழுகை வந்துவிட்டது மகன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் காசை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், மாற்றி ஒரு ஃபோன் கார்ட் வாங்கு.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரச் சப்பாத்தோடு திரியாதே. கந்தன் துணையால் எல்லாச் செல்வமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே ராசா, உன் ரீம் தோற்கிற நாட்களிலும் அப்பா வீட்டில்தான் இருப்பேன்.

உன் வரவை விட உன் குரலுக்கே காத்திருக்கும்
அப்பா
க. தியாகராஜா