நெட்டையனை விட்டுவிட்டார்கள்

மொன்றியல் விமான நிலையப் பக்கம், டோர்வலில் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திருகியதுமே தெரிந்துவிட்டது, கோடாலித் தைலம். பிடரியில் இரண்டு சொட்டு வைத்துத் தேய்த்தாள். பஸ் முழுக்க நீ வந்து நின்றாய். எனக்கு அழுகை வரவில்லையடி, எரிச்சல்தான் வந்தது. எழும்பிப் போய்ப் பின்னால் வேறு இருக்கையில் இருந்தேன்.

அங்கே ஃபோனைத் திறந்தால் அடுத்த எரிச்சல். நெட்டையனை எங்கள் கூடைப்பந்து அணி விட்டுவிட்டதாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லையாம். நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை! முதல் மூன்று வருடம் நீயும் நானும், இந்தக் கடைசி வருடம் நீ இல்லாமல். உனக்கு உடனே சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல நீ இல்லாததால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணி, பந்தோடு ஓரடி ஓடினாலும் விசில் விழும் ஆட்டம். நீ கோல் போடுகிறவள், அதுவும் இடக்கையால். நான் எதிரணிப் பெட்டைகளை மறிக்கிறவள். மொன்றியலுக்கு வந்து, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், இடைவேளை அறைத் தொலைக்காட்சியில்தான் கூடைப்பந்தைக் கண்டோம். அன்றைக்கு உனக்கு வந்த கோபம்! “பந்தோடை ஓடுறாங்களடி! விசிலடிக்க ஒருத்தரும் இல்லையோ?” என்றாய். “பலகையிலை பட்டு விழுறதெல்லாம் ஒரு கோலோ? எங்களை மாதிரி வெறும் வளையத்துக்குள்ளை போட்டுக் காட்டட்டும், பாப்பம்.” அப்படித் திட்டித் திட்டியே அதற்குள் விழுந்துபோனோம். இந்த ஊருக்கென்று அந்த லீக்கில் அணி இல்லாததால், வெளியூர் அணி ஒன்றை எங்கள் அணி என்று பிடித்துக்கொண்டோம்.

கோடையில் டிராஃப்ட் வரும். லீக்கில் உள்ள அணிகள் முறை வைத்து, புதிதாக வரும் இளம் பெடியன்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நாள். உனக்கு அது மாப்பிள்ளை பார்க்கும் நாள். உயரம் என்ன, கை எவ்வளவு நீளம், தாய் தகப்பன் ஆர் என்று எல்லாம் விசாரித்து வைத்திருப்பாய். கோட்-டெ-நெய்ஜில் உன் வீட்டு சோபாவில் இருவரும் கால் நீட்டிக்கொண்டு இருப்போம். நான் அண்ணை என்று கூப்பிடும் உன் மனுசன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பந்து விசருகள்” என்று முணுமுணுத்தபடி உள்ளே போவார்.

நாலு வருடத்துக்கு முந்தின கோடையில் எங்கள் அணி எடுத்தது, நாங்கள் நெட்டையன் என்று பேர் வைத்த பெடியனை. வயது பத்தொன்பது. மேடைக்கு வரும்போதே படியில் தடக்கினான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். “உந்தத் தென்னங்கண்டையோ எடுத்தவங்கள்? எங்களுக்கு இப்ப விளையாடுற ஆளெல்லோ வேணும்!”

நீ சிரித்தாய். “விசர்க்கதை கதையாதை. முதல் வருசம் பாக்கிறதுக்கு. ரெண்டாம் வருசம் விழுந்தெழும்புறதுக்கு. மூண்டாம் வருசம் பந்து எங்கை வருமெண்டு தெரியும். அதுக்குப் பேந்துதான் விளையாட்டு. இருந்து பார்.”

“அதுக்கிடையிலை நாங்கள் பென்சன் எடுத்திடுவம்.”

“நீ இஞ்சை வந்து எத்தினை வருசத்துக்குப் பேந்தடி பஸ்காரனோடை பிரெஞ்சிலை ஒரு வசனம் முழுசாக் கதைச்சனி? அவனும் பிள்ளைதானே, அவனுக்கு மட்டும் என்ன அவசரம்?”

இன்றைக்கும் என் பிரெஞ்சு ‘பொன்ஜூர்’ தாண்டி அதிக தூரம் போகவில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலையா? முதல் வருடம் அவனை ஆடவிடாமல் வாங்கிலேயே இருத்தி வைத்தார்கள். அடுத்த வருடம் கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தான், வந்த வேகத்தில் தப்பாட்டம் ஆடி வெளியே போனான். கைக்கு வந்த பந்தை முகத்தில் வாங்கினான். என் வாயில் வராத வசவு இல்லை. நீ மட்டும் அசையமாட்டாய். “கால் முந்தியை விடத் திருந்திட்டுது, பாத்தனியோ? கைதான் இன்னும் அவன்ரை சொல்லுக் கேக்குதில்லை. கேக்கும்.” எல்லோரும் கைவிட்ட ஒருவனிடம் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீ ஆட்டம் முழுவதும் இருப்பாய். அந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு உன்னை இவ்வளவு பிடித்தது, அதை உனக்குச் சொன்னதே இல்லை.

மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் நீ இடது தோளைத் தேய்க்கத் தொடங்கினாய். ஆட்டம் பார்க்கும்போது ஒரு கையில் ரிமோட், மற்றக் கையில் தைலப் போத்தல். என்னடி என்று கேட்டால், “பழைய கோல் போட்ட கையெல்லோ, குளிருக்கு இழுக்குது” என்றாய். நானும் மறித்து ஆடியவள்தான், எனக்கும் முழங்கால் இழுக்கும், அதனால் உன் கதை பொருந்தித்தான் இருந்தது. ஆனாலும் கிழமைக் கணக்காகத் தேய்த்தாயே! தட்டு அடுக்கும்போது நின்று நின்று மூச்சு வாங்கினாயே! நான் சும்மா இருக்கவில்லை. போ, போய் டாக்டரிட்டைக் காட்டு என்று எத்தனை தரம் கத்தினேன். அண்ணையும் கத்தினார். “பேந்து பாப்பம். சீசன் முடியட்டும்” என்றாய்.

சீசன் முடியவில்லை. பனி கரையத் தொடங்கிய கிழமை, வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற நீ சப்பாத்துப் போடக் குனிந்தபடியே விழுந்தாயாம், பிறகு எழும்பவே இல்லை. நெஞ்சு எப்பவோ தொடக்கம் அந்தத் தோள் நோவால் அறிவித்துக்கொண்டுதான் இருந்திருக்கும் என்று டாக்டர் அண்ணையிடம் சொன்னாராம்.

ஒவ்வொரு ஆட்டக்காரனின் முழங்காலும் குதிக்காலும் உனக்கு மனப்பாடம். எவனுக்கு எப்போது ஸ்கான் எடுத்தார்கள் என்று சொல்லுவாய். உன் தோளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருதரம் போய்க் கேட்க ஏலாமற் போய்விட்டதா? வளருகிறதுக்குக் காலம் குடுக்கவேணும், சரி. நோவுக்கும் ஆரடி காலம் குடுக்கச் சொன்னது?

அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து, கோடையும் கழிந்து, அடுத்த சீசன் தொடங்கிய கிழமை அண்ணை என்னை ஃபோனில் கூப்பிட்டார். “தங்கச்சி, இண்டைக்கு உங்கடை பெடியன்ரை ஆட்டமாம். வந்து போடுறீரோ? எனக்கு எந்தச் சனல் எண்டு தெரியாது.” அன்றிலிருந்து சோபாவில் நீ இருந்த பக்கம் அவர் இருக்கிறார். தேத்தண்ணி இப்போது நான் வைக்கிறேன். “இவன் ஏன் இப்ப விழுந்தவன்?” என்று கேட்பார். நீ சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லுவேன். நெட்டையனும் இந்த வருடம் அங்கொன்று இங்கொன்றாய் நல்லாய்த்தான் ஆடினான். கை சொல்லுக் கேட்கத் தொடங்கியிருந்தது. அதற்குள் விட்டுவிட்டார்கள். பொறுமை கெட்டவர்கள்!

பஸ்ஸில் இருந்தபடியே அண்ணைக்கு எடுத்தேன்.

“கேள்விப்பட்டன் தங்கச்சி. அவளின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லிப்போட்டன். இருந்து பார் எண்டுதான் சொல்லுவாள், என்ன?”

“இருந்து பாக்கச் சொன்ன ஆள் எங்கை அண்ணை?” வாய் தவறி வந்துவிட்டது. அவர், “சரி, நான் கொஞ்சம் படுக்கப்போறன். ரெண்டு நாளா நெஞ்சுப் பக்கம் ஒரு பிடிப்பு” என்றார்.

“என்ன பிடிப்பு?”

“சும்மா சளியாக்கும். பேந்து பாப்பம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. “அண்ணை, உங்கடை வாயாலை இனி அந்தச் சொல்லைக் கேக்கக்கூடாது! சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலிலை இருங்கோ. படுத்தீங்களெண்டால் நான் மனுசியாய் இருக்கமாட்டன்!” அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி டாக்சி பிடித்து, அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு என்று சொன்னதும் உள்ளே எடுத்து, வயர் எல்லாம் பூட்டிப் பார்த்தார்கள். அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் வெளியே கதிரையில் இருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நெஞ்சில் ஒன்றுமில்லை, வாயுவாம். அண்ணை சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி நேர்சுக்கு “மெர்சி” சொல்லிவிட்டு வெளியே வந்தார். “ஒரு வாயுவுக்கு உவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்றார். கோபமாய்ச் சொன்னார், ஆனால் என் கையை விடவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாய்க் கேட்டார். “அவனை வேறை ஆரும் எடுப்பினமோ தங்கச்சி?”

“எடுப்பினம் அண்ணை. அவனுக்கு வயசிருக்கு. எந்த அணி எடுத்தாலும் நாங்கள் அந்த அணிதான்.”

“அப்ப இருந்து பாப்பம்” என்றார்.

இருந்து பார்க்கத்தான் போகிறோம், அவரும் நானும், இன்னும் எத்தனை வருடமென்றாலும். எங்கள் எல்லோருக்கும் பொறு பொறு என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாடி?