நின்றால் வேலை இல்லை

17.11.1986
பிரின்சிபால் அம்மா சர்க்குலர் விட்டிருக்கிறார். தமிழ், இங்கிலீஷ் மட்டுமல்ல, எந்தப் பாடமானாலும் பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைக்கிற ஆசிரியருக்கு இந்த வருஷம் பாராட்டு, சால்வை. தற்காலிக ஆசிரியராக இருந்தால் வேலையும் நிரந்தரமாகும். தற்காலிகம் இங்கே நான் ஒருத்திதான். சால்வை கிடக்கட்டும், ஏற்காட்டுக் குளிருக்கு அது காணாது.

18.11
தமிழ் ஐயா பொன்னுவேலும் போட்டியில் இருக்கிறாராம். அவர் எழுத வைப்பது இம்போசிஷன். அதுவும் எழுத்துத்தானே என்கிறார். தாள் கட்டுகளை அடுக்கினால் அவர் பக்கம்தான் மலை.

24.11
பிசிக்ஸில் 'வேலை' நடத்தினேன். எவ்வளவு விசை கொடுத்தாலும் பொருள் நகரவில்லை என்றால் வேலை பூஜ்யம். புரிந்ததை ஊட்டில் அம்மாவிடம் சொல்கிற மாதிரி எழுதுங்கள் என்றேன், வழக்கம்போல. தலைச்சோலை ஊரிலிருந்து வருகிற கலாவதி எழுதியது:

"எங்கம்மா காப்பிப் பழ மூட்டையத் தலைல வெச்சுக்கிட்டு எடை போடற வரைக்கும் வரிசைல நிக்குது. கீழ வெச்சா பழம் நசுங்கும்னு எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் வைக்க உடறதில்ல. மூட்டை நகரல. அதனால அம்மா செஞ்ச வேலை பூஜ்யம். புஸ்தகமும் ரைட்டரும் ஒரே மாதிரி சொல்றாங்க. கழுத்து மட்டும் நொம்ப வலிக்குதாம்."

பாடத்தில் பிழையே இல்லை. 'நொம்ப'வைத் திருத்தலாமா என்று பேனாவைத் திறந்து, மூடிவிட்டேன்.

2.12
பாராட்டுக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர் யாரென்று தெரிந்தது. கலாவதியின் அம்மா வேலை செய்கிற அதே எஸ்டேட்டின் முதலாளி. வெளங்கிரும்.

5.12
பிரின்சிபால் அம்மா கூப்பிட்டு, குழுவுக்கு நான் கொடுக்கப்போகும் தாள் கட்டைப் புரட்டினார். அந்த ஒரு தாளை மட்டும் உருவிவிடச் சொன்னார். மிரட்டல் இல்லை, காப்பி கொடுத்துத்தான் சொன்னார். "அருக்காணி, உனக்கு வேலை நிலைக்கணுமா வேண்டாமா?"

நிலைக்கணும்தான். இந்த வேலையைச் சொல்லித்தான் அப்பா மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு தாளு. உருவித் தொலைச்சா என்ன இப்ப? — நல்லா இருக்குது நியாயம். எழுது எழுதுன்னு அந்தப் புள்ளைய நச்சரிச்சது யாரு?

6.12
உங்கம்மாவுக்கு வம்பு வரும், எடுத்துரட்டுமா கண்ணு என்று கலாவதியிடம் கேட்டேன். எடுத்துருங்க என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் இருந்தது எனக்கு.

"அம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனனுங்க மிஸ். எம்பட பேர ஏன் போடலைன்னு கேட்டுச்சுங்க."

ஓரத்தில் அம்மா பேரை மாதம்மாள் என்று எழுதிவிட்டுப் போனாள்.

8.12
தாளோடுதான் கொடுத்தேன்.

20.12
குழு கூடியது. முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். இது புத்தகத்தில் இருக்கிறதா என்றார். இருக்குதுங்க என்றேன். மூட்டையோடு இறக்கத்தில் இறங்கினால் என்ன கணக்கு என்றார். நெகட்டிவ் வேலைங்க என்றேன். "அப்படின்னா அவுங்கதான் எனக்குக் கூலி தரணுமுங்களா?" விளையாட்டா வினையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தமிழ் ஐயா மட்டும் தொண்டையைச் செருமினார்.

23.1.1987
சால்வை தமிழ் ஐயாவுக்கு. நானும் கை தட்டினேன். இம்போசிஷன் எழுதிய பிள்ளைகள் என்னைவிட பலமாகத் தட்டினார்கள். பழகிய கை.

31.3
அடுத்த வருஷத்துக்கு நான் தேவையில்லையாம். நல்ல தாளில் டைப் அடித்திருக்கிறார்கள்.

2.4
கையில் பெட்டியோடு சேலம் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு அம்மா பக்கத்தில் வந்து, கலாவதியோட அம்மா மாதம்மாளுங்க என்றார். பொங்கல் கழிந்ததும் எடை போடுகிற இடத்தில் மூட்டை வைக்க நீளமாகப் பலகை அடித்துவிட்டார்களாம். முதலாளியே நின்று அடிக்கச் சொன்னாராம், ரைட்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாராம். எனக்கு வேலை போனது மாதம்மாளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. லீவுக்கு ஊருக்குங்களா என்றார், ஆமாங்க என்றேன்.

பஸ் வருகிற வழியாக இல்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மிஸ், பொட்டியத் தூக்கிக்கிட்டேவா நிப்பீங்க? கீழ வையுங்க."

வைத்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.