எழுபத்திரண்டு புள்ளி நான்கு

செப்டம்பர் 1, செவ்வாய்

மூன்றாவது மாதமும் போயிற்று.

கீழ்த்தளக் கூடத்துக்கு முன்பதிவு மாதத்தின் முதல் தேதி காலை சரியாகப் பத்து மணிக்குத் திறக்கிறது. கணினியில்தான் செய்ய வேண்டும். முன்பு குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் புதன் மாலை நான்கு முதல் ஐந்து வரை ஒன்பது ஆண்டுகளாக என் பெயர்தான். யாரும் கேள்வி கேட்டதில்லை, ஏனென்றால் அந்தக் கூடத்தில் நிற்கும் பியானோ என்னுடையது. இங்கே குடிவந்தபோது அது லிஃப்டில் நுழையவில்லை, கீழேயே தங்கிவிட்டது. வாரம் ஒரு மணி நேரம் போய் வாசித்துவிட்டு வருவேன். என் கணவர் போன பிறகு நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒரே நேரம் அதுதான்.

இன்று ஒன்பதே முக்காலுக்கே தலைவாரி, இஸ்திரி போட்ட உடை உடுத்தி, கணினிமுன் உட்கார்ந்தேன். வானொலியில் பத்து மணி ஒலித்ததும் தொடங்கினேன். அதற்கு முன்னால் தொட்டால் அது ஏமாற்று. பெயர், வீட்டு எண், நோக்கம், எல்லாம் முறைப்படி எழுதி அனுப்பினேன். “மன்னிக்கவும். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது.”

யாருக்கு? இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கு. சிரிப்பு மன்றம் நடத்துகிறார். நாற்பது ஆண்டு ஊரார் வாயைத் திறக்கச் சொன்னவர், ஓய்வுபெற்ற பிறகும் விடமாட்டேன் என்கிறார்.

செப்டம்பர் 2, புதன்

நான்கு மணிக்குத் தொடங்கிவிட்டார்கள். ஹோ ஹோ, ஹா ஹா. ஜன்னலைத் திறந்துவைத்துக் கவனித்தேன். யாரும் எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை. பதினான்கு பேர் காரணமில்லாமல் சிரிக்கிறார்கள்! கான்வென்டில் இதற்கு முழங்கால் போடச் சொல்வார்கள்.

ஐந்துக்குக் கீழே போனேன். பியானோவின் மேல் மூன்று தண்ணீர் பாட்டில். ஒன்று வியர்த்து வட்டமாகத் தடம் பதித்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன்.

“நீங்களும் வாங்களேன் மேடம், மனசு லேசாயிடும்” என்றார் டாக்டர்.

“என் மனத்தின் எடை சரியாகத்தான் இருக்கிறது” என்றேன்.

செப்டம்பர் 3, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். என் வானொலி தவறாது. அப்படியானால் முன்பதிவை ஏற்கும் சங்க அலுவலகக் கணினியின் கடிகாரம் முந்துகிறது. அதன் பத்து மணி என் பத்து மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. அது டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. வேறு எப்படி மூன்று மாதமும் அவரே?

மகனுக்கு ஃபோன் செய்தேன். “அம்மா, அது அவளோட வேலை, அவகிட்டயே கேளுங்க” என்று மருமகளிடம் கொடுத்துவிட்டான். ஒரு தொலைபேசி நிறுவனத்தில் கணினிகளெல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று கண்காணிப்பது அவள் வேலையாம். கல்யாணத்தின்போது யாரோ இதைச் சொன்னார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவள் என்று நான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உறவுக்காரர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

“சந்தேகப்படுறதவிட அளந்து பாத்துடலாம் அத்தை. ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்றாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மருமகள் வந்தாள். செயலாளரிடம் அனுமதி கேட்டு, அலுவலகக் கணினியின் எண்ணை வாங்கிவந்தாள். என் கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தாள். படமில்லை, பொத்தானில்லை. பிழையாக எழுதினால் பிழை என்று ஒரு வரி, அதற்கு மேல் பேச்சில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. மதர் சுப்பீரியரும் இப்படித்தான்.

கட்டளையைக் குறித்துக்கொள்கிறேன்: என், டி, பி, க்யூ, ஓர் இடைவெளி, சிறு கோடு, பி, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண். தட்டினால் நான்கைந்து வரியில் ஓர் அட்டவணை வருகிறது. இணையத்தில் நேரம் சொல்லும் எந்தெந்தக் கணினிகளிடம் அலுவலகக் கணினி மணி கேட்கிறது என்பதன் பட்டியல். ஒரே ஒருவரை நம்பாமல் நாலு பேரிடம் கேட்டு ஒப்பிடுகிறதாம். நம்பத்தக்கவர்முன் ஒரு நட்சத்திரம். மற்றவர்களோடு ஒத்துப்போகாதவர்முன் ஒரு பெருக்கல் குறி. நம் சங்கக் கூட்டங்களில் இந்த வசதி இல்லை.

ஒரு பத்தியில் 377 என்று இருந்தது. அது முழு மதிப்பெண்ணாம்! கடைசியாக எட்டு முறை கேட்டதில் எட்டு முறையும் பதில் வந்ததாம். எட்டுக்கு எட்டு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் எண்ணும் முறை வேறாம். வேறு எண்ணும் முறை என்று ஒன்று உண்டா என்ன?

எனக்கு வேண்டியது கடைசிக்கு முந்தைய பத்தி. கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். கழித்தல் குறி இருந்தால் அலுவலகக் கடிகாரம் முந்துகிறது. இருந்தது! “அத்தை, இதுல இன்னொண்ணு கவனிக்கணும்—” என்று தொடங்கினாள். “கழித்தல் குறி எனக்குத் தெரியும், நான் கணக்கில் பரிசு வாங்கியவள்” என்றேன். சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் 7, திங்கள்

காலை 8: –69.3. மதியம் 12: –74.8. மாலை 5: –71.0.

செப்டம்பர் 8, செவ்வாய்

–77.2, –66.9, –73.5. கள்ளத்தனம் ஒரே சீராக நடக்கிறது.

செப்டம்பர் 11, வெள்ளி

நான் எண் குறிப்பதை எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்னக்கா, சமையல் குறிப்பா?” என்றாள். “ஆதாரம்” என்றேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

ஒன்பது நாள், இருபத்தேழு அளவீடு. கையால் கூட்டி, வகுத்து, இன்னொரு முறை கூட்டினேன். சராசரி எழுபத்திரண்டு புள்ளி நான்கு. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கும் மேல். அவ்வளவு நேரத்தில் டாக்டர் மாதம் முழுவதற்கும் சிரிப்பை முன்பதிவு செய்துவிடலாம்.

செப்டம்பர் 16, புதன்

அறிவிப்பு தட்டச்சாகி அறிவிப்புப் பலகையில் ஒன்று, லிஃப்டில் ஒன்று, தபால் பெட்டிகளின் மேல் ஒன்று ஒட்டப்பட்டது. “அலுவலகக் கணினியின் கடிகாரம் 72.4 விநாடி முந்தி ஓடுவது இருபத்தேழு அளவீடுகளால் நிறுவப்பட்டுள்ளது. இதனால் பயனடைந்தவர் யார் என்பது புதன் மாலைகளில் கட்டடம் முழுவதற்கும் கேட்கிறது.” பெயர் போடவில்லை. நாகரிகம் தெரிந்தவள்.

மாலை கீழே ஐந்து பேர்தான் சிரித்தார்கள். அதுவும் சுரத்தில்லாமல்.

செப்டம்பர் 17, வியாழன்

செயலாளர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். “எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் புரியாது மேடம், ஆனா இருபத்தேழு தடவை அளந்திருக்கீங்க… ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறேன். டாக்டர் பதில் சொல்லியாகணும். புதன்கிழமை இனிமே உங்களுக்குத்தான், நிரந்தரமா.”

நிரந்தரமாக! என்ன வாசிப்பது என்று மாலை முழுவதும் தாள்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்டில் டாக்டரைப் பார்த்தேன். என்னோடு ஏறிய இருவர் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. அவர் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 18, வெள்ளி

அறிவிப்பைப் படமெடுத்து மருமகளுக்கு அனுப்பினேன். பாராட்டுவாள் என்று. ஒரு நிமிடத்தில் ஃபோன்.

“அத்தை, அந்தப் பேப்பரை உடனே எடுத்துடுங்க.”

“ஏன், எழுத்துப் பிழையா?”

“அது செகண்ட் இல்ல அத்தை. மில்லி செகண்ட். ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சு அதுல எழுபத்திரண்டு. கண்ணு இமைக்கிறதே அதவிட அதிக நேரம் ஆகும். உங்க கட்டடத்து இணைப்பு கொஞ்சம் மந்தம், அதான் ஆடுது. அந்தக் கடிகாரம் சரியாத்தான் இருக்கு.”

அன்றைக்கே சொல்ல வந்தாள். பரிசு வாங்கினேன் என்று நான்தானே வாயை அடைத்தேன்.

செப்டம்பர் 19, சனி

இந்தக் கட்டடத்தில் அந்த அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர் நான் ஒருத்திதான். எனக்கே தெரியவில்லை என்பது வேறு விஷயம். மருமகளோ, “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அத்தை, உங்க இஷ்டம்” என்றாள். ஆக, பேசாமல் இருந்தால் புதன்கிழமை என்னுடையது. பியானோவும் நானும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அந்த மனுஷனுக்கு வணக்கம்கூடச் சொல்ல மாட்டேங்கிறாங்களே. பாட்டில் வெச்சது தப்பு. சிரிச்சது தப்பு. ஆனா திருடல. திருடாத ஆளைத் திருடன்னு எழுதி லிஃப்டுல ஒட்டிட்டு நான் போய் உக்காந்து வாசிப்பேனா? விரல் வருமா? எழுபத்தாறு வயசு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேட்டதில்ல, கேட்க வேண்டிய தேவையே வந்ததில்ல— வந்ததே இல்லையா? என் கணவர் இருந்தால் சிரிப்பார்.

மூன்று தாள்களையும் கிழித்துவிட்டேன். பசை மட்டும் போகவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். செயலாளர் டாக்டரை அழைப்பதற்குள் நான் எழுந்தேன். “அளவீடுகள் சரி. அலகு தவறு. 72.4 விநாடி அல்ல, மில்லி விநாடி. கடிகாரத்தின் மீதும் குறையில்லை, டாக்டர் மீதும் குறையில்லை. குறை என்னுடையது. மன்னிக்க வேண்டும்” என்றேன். கடைசி வரிசையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். நான் வரச் சொல்லவில்லை.

“அப்ப மூணு மாசமா டாக்டருக்கே எப்படிக் கிடைச்சுது?” என்று யாரோ கேட்டார்கள். செயலாளர் கணினியில் தேடிப் படித்தார். டாக்டர் அனுப்பியது பத்து மணி ஒன்பது விநாடிக்கு. நான் அனுப்பியது பத்து மணி ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்கு.

“அஞ்சு நிமிஷமா என்னக்கா பண்ணுனீங்க?” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

செயலாளர், பாவம், நோக்கம் என்ற கட்டத்தில் நான் எழுதியதை உரக்கப் படித்துவிட்டார். “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன். கீழே கையொப்பமிடும் நான், மேற்படிக் கூடத்தில் எனக்குச் சொந்தமான இசைக்கருவியை வாசிக்கும் பொருட்டு…” இன்னும் மூன்று வாக்கியம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

நாற்பது பேரும் சிரித்தார்கள். இந்தமுறை காரணத்தோடு. சிரிக்காதவர் டாக்டர் ஒருவர்தான். எழுந்து வந்து, “ஒரே வார்த்தை போதும் மேடம். நான் ‘சிரிப்பு’ன்னு மட்டும்தான் போடுவேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் மன்றத்துல ஒன்பது பேர் வர்றத நிறுத்திட்டாங்க. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

புதன்கிழமையை எனக்கே எழுதிவிடலாமா என்று செயலாளர் கேட்டார். கூடாது என்றேன்.

செப்டம்பர் 22, செவ்வாய்

ஒன்பது கதவும் தட்டியாயிற்று. ஐந்து வீட்டில் தேநீர். மூன்று வீட்டில், “எங்களுக்கு அப்பவே சந்தேகம்தான்.” ஏழாம் மாடி வீட்டில் என்னை உட்காரவைத்து மில்லி விநாடி என்றால் என்ன என்று விளக்கச் சொன்னார்கள். இரண்டு முறை விளக்கினேன்.

செப்டம்பர் 23, புதன்

பதினான்கு பேர். எண்ணினேன்.

அக்டோபர் 1, வியாழன்

பத்து மணி ஒலித்தது. “பியானோ” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். வணக்கம் இல்லாமல், கையொப்பம் இல்லாமல், வாசலுக்கு வந்தவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல இருந்தது. “பதிவு ஏற்கப்பட்டது. 10:00:06.”

புதன் மாலை, மாதம் முழுவதும்.

அக்டோபர் 2, வெள்ளி

அழைப்பு மணி. பல் டாக்டர்.

“ஒண்ணுமில்ல மேடம், சும்மாதான் வந்தேன். நேத்து நான் பத்து மணிக்கு டக்குன்னு தட்டினேன். கிடைக்கல. வியாழக்கிழமைதான் கிடைச்சுது. உங்க கறுப்புத் திரையில கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன், ஆபீஸ் கடிகாரம் ஏதும்…”

அவர் முன்னாலேயே தட்டிக் காட்டினேன். –3.1. “மில்லி விநாடி” என்றேன். அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை “மில்லி” என்றேன்.

“தப்பா நெனைக்காதீங்க, போன தடவையும் நீங்க இப்படித்தான் ஒரு நம்பரு…”

கோபம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் வந்திருக்கக் கூடாது. “என் மருமகளைக் கேளுங்கள். நேரம் சம்பந்தப்பட்ட எதற்கும் அவள்தான் அதிகாரி. எண் தருகிறேன். அலுவலக நேரத்தில் கூப்பிடாதீர்கள், மரியாதையாகப் பேசுங்கள்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 7, புதன்

நான்கு முதல் ஐந்து வரை வாசித்தேன். மூன்று மாதத்தில் இடது கை எவ்வளவோ மறந்திருக்கிறது. பன்னிரண்டு தவறு எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மருமகள் வேலை முடிந்து நேரே கூடத்துக்கு வந்தாள். டாக்டர் அவளுக்கு ஃபோன் செய்தாராம். கடிகாரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில், “உங்க மாமியார் சொன்னா நம்பலாமாம்மா?” என்றாராம்.

“நீ என்ன சொன்னாய்?”

“கண்ண மூடிக்கிட்டு நம்பலாம் சார், அலகை மட்டும் கேட்டுக்கங்கன்னேன்.”

அதட்டியிருக்க வேண்டும். நகர்ந்து உட்கார்ந்து, பியானோ இருக்கையில் அவளுக்கு இடம் விட்டேன்.